1729க்கு 1729: பிளனிட்சாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்து இரண்டு வாரமாகிறது. ஆனால் அந்த 800 மீற்றர் ஓட்டம் நம் ஊரில் இன்னும் முடியவில்லை. தேநீர்க் கடையிலும் பேச்சு, வட்ஸ்அப் குழுவிலும் பேச்சு. "ஒரே இல்லத்துப் புள்ளைகள்தானே சேர், சின்னவன் கொஞ்சம் உட்டுக் குடுத்திருந்தா பெரியவனுக்குச் சம்பியன் கிண்ணம் கெடச்சிருக்குமே. நீங்களாவது சொல்லியிருக்கலாமே" என்று நம்மிடமே நேரில் கேட்டவர்கள் மூன்று பேர்.

நாம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதைக் கடை வாசலில் நின்று விளக்க முடியாது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. கதை நம் ஊரில் நடந்ததல்ல, பனி மலையில் நடந்தது. பொறுமையோடு வாசியுங்கள்.

ஸ்கீ பாய்தல் என்றொரு விளையாட்டு இருப்பதைக் குளிர்கால ஒலிம்பிக் நேரத்தில் சிலர் ரிவியில் பார்த்திருப்பீர்கள். காலில் இரண்டு நீண்ட பலகைகளைப் பூட்டிக்கொண்டு, பனி மூடிய சரிவில் குந்தியபடி சறுக்கி வந்து, சரிவு முடியும் விளிம்பில் எழுந்து பாய்வார்கள். நம் பிள்ளைகளின் நீளம் பாய்தல் போலத்தான், மணல் குழிக்குப் பதிலாக ஒரு மலைச்சரிவு. அதன் மூத்த சகோதரன்தான் ஸ்கீ பறத்தல். விதிமுறை ஏறத்தாழ ஒன்றே, மலை மட்டும் மிகப் பெரியது. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் விளிம்பை விடுகிறார்கள். ஏழெட்டு விநாடி காற்றில் இருக்கிறார்கள். 200 மீற்றரைத் தாண்டித் தரையிறங்குகிறார்கள். நம் மைதானத்தில் ஓடுதளத்தைச் சுற்றி வந்தால் 400 மீற்றர். அதில் பாதிக்கு மேல் ஒரே பாய்ச்சல்! பார்க்கிறவர்களுக்கு வானத்தில் போவது போலத் தெரியும். உண்மையில் சரிவும் கூடவே இறங்கிக்கொண்டு போவதால், தரைக்கு மேலே சில மீற்றர் உயரத்தில்தான் அவர்கள் மிதக்கிறார்கள்.

இதன் பிறப்பிடம் பிளனிட்சா. இன்று ஸ்லோவேனியாவில் இருக்கிற அந்தப் பள்ளத்தாக்கு அன்று யூகோஸ்லாவிய இராச்சியத்தில் இருந்தது. 1934இல் அங்கே ஒரு பெரிய பாய்தல் மேடை எழுந்தது. அதை வளர்த்தெடுத்தவர் ஸ்டாங்கோ புளோடெக் என்ற பொறியியலாளர், விமானங்களும் வடிவமைத்தவர். (விமானம் கட்டியவர் கையில் மலையைக் கொடுத்தால் வேறென்ன செய்வார்!) இவ்வளவு பெரிய மேடைகளைச் சர்வதேச ஸ்கீ சம்மேளனம் விரும்பவில்லை. ஆபத்து, இது விளையாட்டல்ல, சாகசம் என்பது அவர்களின் நிலைப்பாடு. ஆனாலும் 1936 மார்ச் 15இல், செப் பிராட்ல் என்ற 18 வயது ஒஸ்திரியப் பையன் அங்கே 101 மீற்றர் பாய்ந்தான். மனிதன் ஸ்கீயில் 100 மீற்றரைத் தாண்டியது அன்றுதான். பிறகு சம்மேளனத்துக்கும் வேறு வழியிருக்கவில்லை. முதலில் பரிசோதனை என்று பெயர் வைத்து இடம் கொடுத்தார்கள், பிறகு மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்டார்கள்.

யுத்தத்துக்குப் பின் 1950இல் ஜேர்மனியின் ஒபர்ஸ்டோர்ஃபில் இன்னொரு பறப்பு மலை திறக்கப்பட்டது. அங்கே 1951இல் 139 மீற்றர் பறந்தார் டௌனோ லுய்ரோ என்ற பின்லாந்து இளைஞர். அந்தச் சாதனை பத்து வருடம் நின்றது. ஆனால் அது முறியடிக்கப்பட்டதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. 1955இல், 23 வயதில் இறந்துவிட்டார்.

அதே ஒபர்ஸ்டோர்ஃபில் நடந்த இன்னொன்றையும் சொல்லாமல் போக மனமில்லை. 1970 மார்ச் மாதம். யூகோஸ்லாவிய வீரர் விங்கோ போகதாய் சறுக்கி வருகிறார். பனி கொட்டிக்கொண்டிருந்தது, பாதை அளவுக்கு மீறி வேகமாகிவிட்டது. இடையில் நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை. நிலைதடுமாறி விளிம்பின் ஓரமாக உருண்டு, புரண்டு விழுந்தார். பார்த்தவர்கள் ஆள் போய்விட்டார் என்றே நினைத்திருப்பார்கள். தலையில் அடிபட்டதோடு தப்பிவிட்டார். ஆனால் அந்தக் காட்சியை அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று தன் வாராந்த விளையாட்டு நிகழ்ச்சியின் தொடக்கத்தில், தோல்வியின் வலி எப்படியிருக்கும் என்பதற்கு உதாரணமாக, வருடக்கணக்காகக் காட்டியது. அமெரிக்கா முழுவதற்கும் அவர் முகம் தெரியாத "விழுந்த மனிதர்". அவருக்கோ அது தெரியாது. தன் ஊரில் தொழிற்சாலையொன்றில் வேலை செய்துகொண்டிருந்தார். 1981இல் அந்த நிகழ்ச்சியின் ஆண்டு விழாவுக்கு அழைத்தார்கள். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. அங்கே அவரிடம் வந்து கையெழுத்துக் கேட்டவர்களில் ஒருவர் யார் தெரியுமா? நம் முகம்மத் அலி. உலகமே யாருடைய கையெழுத்துக்காகக் காத்திருந்ததோ, அவர் விழுந்தவரிடம் போய்க் கேட்டார். பிற்காலத்தில் போகதாய் பயிற்றுவிப்பாளராகவும் இருந்தார். அவரிடம் பழகிய ஃப்ரான்சி பெடெக் 1991இல் உலகச் சம்பியன் ஆனார்.

மலைகள் வளர்ந்தன, தூரமும் வளர்ந்தது. பிளனிட்சாவில் கோரிஷெக் சகோதரர்கள் புதிய பறப்பு மலையைக் கட்டினார்கள். 1969இல் அங்கே 165 மீற்றர். 1972இல் அங்கேயே முதலாவது ஸ்கீ பறத்தல் உலகச் சம்பியன்ஷிப். எண்பதுகளில் மோசமான விபத்துகள் நடந்தபோது சம்மேளனம் பயந்துபோய், 191 மீற்றருக்கு மேல் பறந்தால் அந்த மேலதிக மீற்றருக்குப் புள்ளி இல்லை என்று விதி போட்டது. பரீட்சையில் 91க்கு மேல் எடுத்தாலும் 91தான் என்று சொன்ன மாதிரி. அப்படிச் சொன்னால் பிள்ளைகள் படிப்பை நிறுத்திவிடுவார்களா என்ன?

அதே காலத்தில்தான் சுவீடனின் யான் பொக்லெவ் பலகைகளைச் சமாந்தரமாக வைக்காமல் முன்பக்கம் விரித்து, ஆங்கில வீ எழுத்தைப் போலப் பறக்கத் தொடங்கினார். அழகில்லை என்று நடுவர்கள் புள்ளியை வெட்டினார்கள். ஆனால் காற்று நடுவர்களின் பேச்சைக் கேட்கவில்லை, அவரைக் கூடுதல் தூரம் சுமந்து போனது. வெட்டிய புள்ளிகளையும் மீறி 1988/89 பருவத்தின் உலகக் கிண்ணத்தை அவர் வென்றார். சில வருடங்களில் எல்லோரும் அப்படியே பறந்தார்கள். 1994 மார்ச் 17இல் பிளனிட்சாவில் ஒஸ்திரியாவின் கோல்ட்பேர்கர் 202 மீற்றர் பறந்தார், ஆனால் இறங்கும்போது கை பனியில் பட்டுவிட்டது. சாதனைக் கணக்கில் அது சேராது. அதே நாளில் பின்லாந்தின் டோனி நியெமினென் 203 மீற்றரில் காலூன்றி நின்றார். 200ஐத் தாண்டிய முதல் மனிதர் அவர்தான். வயது 18.

சரி, இனி நாம் சொல்ல வந்த பருவம்: 2014/15.

இந்த விளையாட்டில் ஒரு பருவம் என்பது நவம்பரில் தொடங்கி மார்ச்சில் முடிவது. ஒவ்வொரு போட்டியிலும் முதலாமவருக்கு 100 புள்ளி, இரண்டாமவருக்கு 80, மூன்றாமவருக்கு 60, அப்படியே இறங்கி 30ஆம் இடத்துக்கு 1 புள்ளி. சாதாரண மேடைகளும் பறப்பு மலைகளும் ஒரே கணக்கில் சேரும். பருவ முடிவில் அதிக புள்ளி எடுத்தவருக்குப் பெரிய கண்ணாடிக் கிண்ணம். பறப்புப் போட்டிகளை மட்டும் தனியே கூட்டி அதில் முதலாவது வருபவருக்குச் சிறிய கிண்ணம்.

அந்தப் பருவத்தில் பெரிய கிண்ணத்துக்குக் கடைசிவரை போராடியவர்கள் இருவர். ஒருவர் ஜேர்மனியின் செவரின் ஃப்ரொய்ண்ட். மற்றவர் ஸ்லோவேனியாவின் பீட்டர் ப்ரெவ்ட்ஸ், வயது 22, அதிகம் பேசாத பிள்ளை. தளபாடத் தொழில் செய்யும் தந்தை, வீடு நிறையப் பிள்ளைகள், அவர்களில் பலர் ஸ்கீ பாய்பவர்கள்.

பெப்ரவரியில் நோர்வேயின் விக்கர்சுண்ட் மலையில் பறத்தல். அந்த மலையில் 2011இல் நோர்வேயின் எவன்சன் பறந்த 246.5 மீற்றர்தான் அதுவரை உலக சாதனை. பெப்ரவரி 14 அன்று ப்ரெவ்ட்ஸ் பறந்தார். 250. புள்ளி கிள்ளி எதுவுமில்லை, சரியாக 250 மீற்றர். பெரிய மைதானத்தின் ஒரு கோடியில் எழும்பி மறு கோடியையும் தாண்டி இறங்குகிற தூரம். அன்றைய போட்டியும் அவருக்கே.

அந்தச் சாதனைக்கு ஆயுள் ஒரே ஒரு நாள். மறுநாள் நோர்வேயின் அண்டர்ஸ் ஃபன்னெமெல் 251.5 மீற்றர் பறந்தார். அதே நாளில் ரஷ்யாவின் திமித்ரி வசிலியெவ் 254 மீற்றர் வரை போனார். ஆனால் அவ்வளவு தூரத்தில் சரிவு சமதரையாக மாறத் தொடங்கிவிடும், காலில் விழும் பாரம் பயங்கரமானது. அவர் விழுந்துவிட்டார், 254 கணக்கில் இல்லை. அன்று போட்டியை வென்றவர் இந்த இருவருமல்ல, ஃப்ரொய்ண்ட். ஒரு பாய்ச்சலைப் பார்த்துச் சொல்லும் விளையாட்டல்ல இது. இரண்டு பாய்ச்சல்களின் தூரம், ஐந்து நடுவர்களின் பாங்குப் புள்ளி, காற்று சாதகமா பாதகமா என்ற கூட்டல் கழித்தல் எல்லாம் சேரவேண்டும்.

(நம் தரம் 10 பிள்ளைகளுக்கு இதைக் கணக்காகக் கொடுத்தோம். மலையின் குறிக்கப்பட்ட புள்ளி 200 மீற்றர், அதை எட்டினால் 120 புள்ளி, அதற்கு மேல் ஒவ்வொரு மீற்றருக்கும் 1.2. ஐந்து நடுவரும் தலா 20 வரை போடலாம், கூடியதையும் குறைந்ததையும் விட்டுவிட்டு மூன்றைக் கூட்டவேண்டும். 240 மீற்றர், ஐந்து பேரும் 20 போட்டிருந்தால்? விடை 228, காற்றுக் கணக்கைச் சேர்க்காமல். பாதி வகுப்பு நடுவர் புள்ளியை 100 என்று போட்டது.)

மார்ச் மாத முடிவில் பருவத்தின் கடைசிக் கட்டம் பிளனிட்சாவில். ப்ரெவ்ட்ஸின் சொந்த நாடு. மலை திருத்தப்பட்டு முந்திய வருடம் மூடியிருந்ததால், அதில் பறப்பதை மீண்டும் பார்க்க சனம் கூடிவிட்டது. மார்ச் 20 வெள்ளிக்கிழமை ப்ரெவ்ட்ஸ் வென்றார். அன்று ஒரு பாய்ச்சலுக்கு ஐந்து நடுவர்களும் முழுப் புள்ளியான 20ஐப் போட்டார்கள். சரித்திரத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைகளே நடந்த விடயம் அது. சனிக்கிழமை அணிப் போட்டி, அதுவும் ஸ்லோவேனியாவுக்கே. ஞாயிறு, மார்ச் 22, பருவத்தின் கடைசிப் போட்டி. ஃப்ரொய்ண்ட் 1693 புள்ளி, ப்ரெவ்ட்ஸ் 1649. வித்தியாசம் 44.

அன்று ஃப்ரொய்ண்டின் பறப்பு அவ்வளவு சரியாக அமையவில்லை. ஏழாம் இடம், 36 புள்ளி. மொத்தம் 1729.

ப்ரெவ்ட்ஸ் வென்றிருந்தால் 100 கூடி 1749. கிண்ணம் அவருக்கு. சொந்த மண்ணில், சொந்தச் சனத்தின் முன்னால்.

ஆனால் அன்று அவரை விட நன்றாகப் பறந்தவர் ஒரே ஒருவர் இருந்தார். ஜேர்மனியர் அல்ல, நோர்வேக்காரர் அல்ல. அவருடைய சொந்த அணித் தோழர் யூரி டெபெஷ். வாழ்க்கையின் மிகச் சிறந்த நாளொன்று அவருக்கு அன்று வாய்த்துவிட்டது. அவருடைய ஒரு பாய்ச்சலுக்கும் ஐந்து நடுவர்களும் 20 போட்டார்கள். டெபெஷ் முதலாவது. ப்ரெவ்ட்ஸ் இரண்டாவது, 80 புள்ளி.

1649 உடன் 80ஐக் கூட்டிப் பாருங்கள். 1729.

இருவரும் சமம். (கணிதம் படித்தவர்களுக்கு இந்த எண்ணைத் தெரியும். கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன், நோயுற்றுப் படுத்திருந்தபோது பார்க்க வந்த பேராசிரியர் ஹார்டியிடம், இது சாதாரண எண்ணல்ல, இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் என்று சொன்னாரே, அதே 1729. 1இன் கனமும் 12இன் கனமும், அல்லது 9இன் கனமும் 10இன் கனமும். இரண்டு வழியால் வந்தாலும் ஒரே இடம். ஃப்ரொய்ண்டும் ப்ரெவ்ட்ஸும் அப்படித்தான் வந்து சேர்ந்தார்கள்.)

சமமானால் அதிகப் போட்டிகளை வென்றவருக்குக் கிண்ணம் என்பது விதி. ஃப்ரொய்ண்ட் அந்தப் பருவத்தில் 9 போட்டிகளை வென்றிருந்தார், ப்ரெவ்ட்ஸ் 3. பெரிய கிண்ணம் ஜேர்மனிக்குப் போனது, 2000இல் மார்ட்டின் ஷ்மிட் வென்ற பிறகு முதல் தடவையாக. ப்ரெவ்ட்ஸுக்குப் பறத்தலுக்கான சிறிய கிண்ணம்.

இப்போது கேள்விக்கு வருவோம். டெபெஷ் விட்டுக்கொடுத்திருக்கலாமே? முடியாதது ஒன்றுமல்ல. பத்து மீற்றர் முன்னதாக எழுந்து நின்று காலை ஊன்றியிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. காற்றின் மேல் பழி போட்டிருக்கலாம். ஒரு சிறிய நாடு, இருபது லட்சம் சனம், தங்கள் பிள்ளைக்குக் கிண்ணம் கிடைப்பதைப் பார்க்க வந்து நிற்கிறது. அந்த அழுத்தத்தை நினைத்துப் பாருங்கள். டெபெஷின் தந்தை மிரானும் பழைய ஸ்கீ வீரர், 1988 ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவிய அணியோடு வெள்ளி வென்றவர், பிறகு நெடுங்காலம் இந்தப் போட்டிகளில் அதிகாரியாகக் கடமையாற்றியவர். விதியை மதிக்கிற வீட்டில் வளர்ந்த பிள்ளை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அதற்கு ஆதாரம் கேட்காதீர்கள், இது ஓர் ஆசிரியரின் ஊகம்.

ப்ரெவ்ட்ஸின் தோல்விக்கு டெபெஷ் காரணமல்ல என்பதுதான் நம் கணக்கு. ஒரு பருவத்தில் எத்தனை போட்டிகள்! நவம்பரிலிருந்து எந்த ஒரு போட்டியிலாவது ஓர் இடம் முன்னால் வந்திருந்தால் போதும், 1730 ஆகியிருக்கும். அந்த ஒரு புள்ளி விழுந்த இடம் பிளனிட்சா அல்ல. எங்கோ ஒரு டிசம்பர் நாளில், யாரும் கவனிக்காத ஒரு பாய்ச்சலில் விழுந்திருக்கிறது.

இவ்வளவும் எழுதிவிட்டு, நம் கதையை மறைத்தால் அது நேர்மையல்ல.

சில வருடங்களுக்கு முன், வேறொரு பாடசாலையில் நாம் இல்லப் பொறுப்பாசிரியராக இருந்தோம். ஆசிரியர் கலாசாலையிலிருந்து வெளியேறி அதிக காலம் ஆகவில்லை, எப்படியும் நம் இல்லம் வெல்லவேண்டும் என்ற வெறி. அப்போதும் 800 மீற்றர்தான். நம் இல்லத்துப் பிள்ளைகள் இருவர். மூத்தவருக்கு அந்த ஓட்டத்தில் முதலாமிடம் கிடைத்தால் சிறந்த வீரருக்கான கிண்ணம். இளையவர்தான் வேகமானவர். ஓட்டத்துக்கு முன் இளையவரை மரத்தடிக்குக் கூப்பிட்டு, "தம்பி, கடைசியில கொஞ்சம் உட்டுக் குடு, இல்லத்துக்காக" என்று சொன்னோம். பிள்ளை தலையாட்டினான். கடைசி இருபது மீற்றரில் திரும்பிப் பார்த்தான், வேகத்தைக் குறைத்தான், மூத்தவன் முந்தினான். கைதட்டல், கிண்ணம், போட்டோ எல்லாம் நடந்தது.

கிண்ணம் வாங்கிய பிள்ளை அன்றைக்குப் பிறகு நம் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. தான் எப்படி வென்றான் என்பது அவனுக்குத் தெரியும். இளையவன் அடுத்த வருடம் பயிற்சிக்கே வரவில்லை. கேட்டதற்கு "டியூஷன் இருக்கு சேர்" என்றான். இம்முறை மரத்தடிக்கு நாம் யாரையும் கூப்பிடாததன் காரணம் இதுதான்.

ப்ரெவ்ட்ஸுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். அடுத்த பருவத்தில், 2015/16இல், 15 போட்டிகளை வென்றார். பெரிய கிண்ணம், சிறிய கிண்ணம், பறத்தல் உலகச் சம்பியன் பட்டம், எல்லாம் ஒரே குளிர்காலத்தில். யாரும் விட்டுக்கொடுத்துக் கிடைத்ததென்று ஒருவராலும் சொல்ல முடியாது. ஃப்ரொய்ண்ட் பிற்காலத்தில் முழங்கால் காயங்களால் அவதிப்பட்டு 2022இல் ஓய்வுபெற்றார். ப்ரெவ்ட்ஸ் 2024 மார்ச்சில், அதே பிளனிட்சாவில், விடைபெற்றார்.

மலை அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. 2025 மார்ச்சில் தங்கை நிகா விக்கர்சுண்டில் 236 மீற்றர் பறந்து பெண்களுக்கான உலக சாதனையை நிலைநாட்டினார். அதே மாதம் 30ஆம் திகதி தம்பி டோமென் பிளனிட்சாவில் 254.5 மீற்றர். நாமெல்லாம் பெருநாள் பிறையைத் தேடி மேற்கே பார்த்துக்கொண்டிருந்த அந்த மாலையில்தான் அந்தக் காணொளி நம் போனுக்கு வந்தது. பத்து வருடத்துக்கு முன் வசிலியெவ் விழுந்த தூரத்தையும் கடந்து, இந்தப் பிள்ளை நின்றான்.

இதைப் பதிவிடுவதற்கு முன், அன்று விட்டுக்கொடுத்த பிள்ளைக்குச் செய்தி அனுப்பி மன்னிப்புக் கேட்டோம். இப்போது கட்டாரில் வேலை. "அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன் சேர், நீங்க இன்னமும் வெச்சிட்டு இருக்கீங்களா" என்று சிரிப்புப் படம் போட்டு அனுப்பினார். இந்தக் கதையை எழுதவும் அனுமதி தந்தார்.

அரை மணித்தியாலம் கழித்து இன்னொரு செய்தி வந்தது.

"சேர், அண்டைக்கு ஒழுங்கா ஓடியிருந்தா எனக்கு என்ன டைம் வந்திருக்கும்?"